முதியோர் மனச்சோர்வு: சிகிச்சையில் மாற்றத்தை அளக்கப் பழகுவோருக்கு

"போன தடவைக்கு இப்போ எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால் பெரும்பாலான பெரியவர்கள் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள். உண்மையிலேயே தேறியவரும் அதைத்தான் சொல்வார். மருத்துவர் மனம் நோகக்கூடாது என்று நினைப்பவரும் அதைத்தான் சொல்வார். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நம்பிக்கை விட்டுப்போனவரும் அதையேதான் சொல்வார். இதை வைத்துக்கொண்டு மருந்தின் அளவைக் கூட்டுவதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா, பேச்சு சிகிச்சையைச் சேர்ப்பதா என்று முடிவெடுக்க முடியாது. அதற்காகத்தான் அளவுகோல்கள்.

அளந்துகொண்டே சிகிச்சை கொடுப்பதன் பலனுக்கு நல்ல சான்று உண்டு. 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1801 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த இம்பாக்ட் ஆய்வின் முடிவு 2002-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு, அறிகுறிகளைத் தொடர்ந்து கணக்கெடுத்துக் குறையவில்லை என்றால் சிகிச்சையை மாற்றும் பொறுப்பு ஒரு பராமரிப்பு மேலாளரிடம் தரப்பட்டது. ஓராண்டு முடிவில் அவர்களில் 45 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் இது 19 சதவீதம்தான். அளந்ததால் மட்டும் வந்த வித்தியாசம் இல்லை. அளந்ததைப் பார்த்து ஏதாவது செய்ததால் வந்தது.

இந்தக் கட்டுரை இத்துறைக்குப் புதிதாக வந்திருக்கும் செவிலியர்கள், ஆலோசகர்கள், இளம் மருத்துவர்களுக்கானது. வீட்டில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்கிறவர்களும் படிக்கலாம். ஆனால் மதிப்பெண்ணை வைத்து நோயை முடிவு செய்வதும் மருந்தை மாற்றுவதும் மருத்துவரின் வேலை.

முதல் படி: உடம்பையும் நினைவாற்றலையும் பாருங்கள்

கேள்விப்பட்டியலை எடுக்கும் முன் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, உடல்நோய்கள். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 குறைவு, தீராத வலி, இதய நோய் எல்லாமே மனச்சோர்வைப் போலவே முகம் காட்டும். இரண்டு, எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் முழுப் பட்டியல். மூன்று, நினைவாற்றல். போன வாரம் மனம் எப்படி இருந்தது என்று ஞாபகம் வைத்துச் சொல்ல முடியாதவரிடம் போன வாரத்தைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை.

காதும் கண்ணும்கூட இதில் சேர்த்தி. கேள்வி சரியாகக் கேட்காமல் தலையாட்டும் பெரியவர்கள் நிறைய. காது கேட்கும் கருவியும் கண்ணாடியும் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

இரண்டாம் படி: அளவுகோலைத் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். கைக்குக் கிடைத்த படிவத்தை எடுத்து நிரப்பிவிடுகிறார்கள். எந்த அளவுகோலில் தொடங்குகிறீர்களோ அதில்தான் கடைசிவரை போக வேண்டும். நடுவில் மாற்றினால் முன்னதையும் பின்னதையும் ஒப்பிட முடியாது. அதனால் ஒவ்வொன்றும் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதியோர் என்றதும் எல்லோரும் சொல்வது ஜி.டி.எஸ். எனப்படும் முதியோர் மனச்சோர்வு அளவுகோல். யெசவேஜ் குழுவினர் 1980-களின் தொடக்கத்தில் 30 கேள்விகளோடு உருவாக்கினார்கள். 1986-இல் 15 கேள்விகள் கொண்ட சிறிய வடிவம் வந்தது. எல்லாக் கேள்விக்கும் பதில் ஆம் அல்லது இல்லை. தூக்கம், பசி போன்ற உடல் அறிகுறிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள், ஏனென்றால் வயதானவர்களுக்கு அவை வேறு காரணங்களாலும் வரும். 15 கேள்வி வடிவத்தில் 5-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம்.

மனச்சோர்வு இருக்கிறதா என்று சலித்துப் பார்க்க இது அருமையான கருவி. மாற்றத்தை அளக்க அவ்வளவு கூர்மையில்லை என்பது என் கருத்து. எப்போதும் நம்பிக்கையற்று இருந்த ஒரு பெரியவர் இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் அப்படி உணர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பொறுத்தவரை அது பெரிய முன்னேற்றம். ஆனால் "நம்பிக்கையில்லாமல் உணர்கிறீர்களா?" என்ற கேள்விக்கு அவர் இன்னமும் ஆம் என்றுதான் சொல்வார். மதிப்பெண் அசையாது. அதேபோல், வெளியே போவதைவிட வீட்டில் இருப்பதையே விரும்புகிறீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. முழங்கால் தேய்ந்தவர் மனம் முழுக்கத் தேறிய பிறகும் இதற்கு ஆம் என்பார். இன்னொரு முக்கியமான குறை, தற்கொலை எண்ணத்தைப் பற்றி இதில் நேரடிக் கேள்வியே கிடையாது. அதை நீங்கள் தனியாகக் கேட்டாக வேண்டும்.

மதிப்பெண் போடும்போதும் ஒரு தடுமாற்றம் வரும். 15 கேள்வி வடிவத்தில் 1, 5, 7, 11, 13 ஆகிய ஐந்தும் நல்ல மனநிலையைக் கேட்பவை. அவற்றுக்கு "இல்லை" என்றால்தான் ஒரு மதிப்பெண். மற்ற பத்துக்கும் "ஆம்" என்றால் ஒரு மதிப்பெண். எல்லா "ஆம்" பதில்களையும் எண்ணிக் கூட்டிவிட்டால் கணக்கு தலைகீழாகும்.

அடுத்தது பி.எச்.கியூ-9 எனப்படும் நோயாளி நலக் கேள்விப்பட்டியல். 2001-இல் வெளிவந்தது, 9 கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 5, 10, 15, 20 ஆகியவை லேசானது, மிதமானது, ஓரளவு கடுமையானது, கடுமையானது என்ற படிகளின் தொடக்கம். எத்தனை நாள் அப்படி இருந்தது என்று கேட்பதால், பாதி முன்னேற்றமும் மதிப்பெண்ணில் தெரியும். ஒன்பதாவது கேள்வி இறந்துபோவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியது. சிகிச்சையைத் தொடர்ந்து கண்காணிக்க, புதியவர்கள் தொடங்குவதற்கு நான் சொல்வது இதைத்தான்.

இதற்கும் ஒரு சிக்கல் உண்டு. தூக்கம், களைப்பு, பசி, கவனம், உடல் அசைவின் வேகம் என்று ஐந்து கேள்விகள் உடம்போடு ஒட்டியவை. 27-இல் 15 மதிப்பெண் இவற்றிலிருந்தே வரலாம். பார்க்கின்சன் நோயோ இதயச் செயலிழப்போ உள்ள ஒருவர் மனம் தெளிந்த பிறகும் இந்தக் கேள்விகளில் மதிப்பெண் வாங்கிக்கொண்டே இருப்பார். மாறாத உடல்நோய் முதல் முறையும் கடைசி முறையும் ஒரே அளவு மதிப்பெண்ணைச் சேர்ப்பதால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகக் கெடாது. ஆனால் 5-க்குக் கீழே இறங்கவே இல்லையே, சிகிச்சை தோற்றுவிட்டதோ என்று தவறாக முடிவு செய்துவிடக்கூடாது.

பயிற்சி பெற்ற ஒருவர் பேட்டி எடுத்து மதிப்பெண் போடும் அளவுகோல்கள் தனி வகை. மேக்ஸ் ஹாமில்டன் 1960-இல் வெளியிட்ட மனச்சோர்வு அளவுகோலின் 17 அம்ச வடிவம் ஆய்வுகளில் இன்றும் அதிகம் பயன்படுகிறது. அதில் தூக்கத்துக்கு மட்டும் மூன்று அம்சங்கள், மொத்தம் 6 மதிப்பெண். தூக்கம் வரவைக்கும் தன்மையுள்ள மருந்தைக் கொடுத்தால், மனநிலை துளியும் மாறாமலேயே 6 மதிப்பெண் குறைந்துவிடலாம். 1979-இல் மான்ட்காமரியும் ஆஸ்பெரியும் கொண்டுவந்த மேட்ரஸ் அளவுகோல் மாற்றத்தைப் பிடிப்பதற்கென்றே உருவானது. ஒரு பெரிய அறிகுறிப் பட்டியலிலிருந்து, சிகிச்சையில் அதிகம் மாறியவை எவை என்று பார்த்து 10 அம்சங்களை மட்டும் எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6, மொத்தம் 60. பேட்டி எடுக்கப் பழகியவர் உங்கள் குழுவில் இருந்தால் இது மிக நல்ல தேர்வு.

மறதிநோய் முற்றியவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் சரிவராது. அவர்களுக்கு 1988-இல் வந்த கார்னெல் அளவுகோல் இருக்கிறது. 19 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2. முதலில் பராமரிப்பவரிடம் கேட்டு, பிறகு நோயாளியை நேரில் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். 10-க்கு மேல் போனால் பெரும் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம். பகலில் பார்த்துக்கொள்ளும் மகள் ஒரு தடவையும் இரவில் வரும் உதவியாளர் அடுத்த தடவையும் பதில் சொன்னால் அது ஒப்பீடே ஆகாது. பதில் சொன்னவர் யார் என்று ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். பராமரிப்பவரே சோர்ந்து போயிருந்தால் நோயாளியும் மோசமாகத்தான் தெரிவார். அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த அளவுகோலாக இருந்தாலும், உங்கள் மொழியில் முறைப்படி சரிபார்க்கப்பட்ட வடிவத்தை மட்டுமே பயன்படுத்துங்கள். கேள்வி கேட்கும்போதே நீங்களாக மொழிபெயர்த்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு கேள்வியைக் கேட்டதாகிவிடும்.

மூன்றாம் படி: தொடக்க மதிப்பெண்

சிகிச்சை தொடங்கும் முன், முடிந்தால் ஒரு வார இடைவெளியில் (பி.எச்.கியூ-9 என்றால் இரண்டு வார இடைவெளியில்) இரண்டு முறை அளப்பது நல்லது. மக்கள் பெரும்பாலும் மிக மோசமான நாளில்தான் உதவி தேடி வருகிறார்கள். அடுத்த வாரம் எந்தச் சிகிச்சையும் இல்லாமலேயே கொஞ்சம் சரியாகியிருக்கும். ஒற்றை மதிப்பெண்ணை வைத்துத் தொடங்கினால் அந்த இயல்பான இறக்கத்தையும் சிகிச்சையின் பலன் என்று எண்ணிவிடுவோம். அதே நேரம், ஆபத்தான நிலையில் இருப்பவருக்கு இரண்டாவது மதிப்பெண் வேண்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடக்கூடாது.

மதிப்பெண்ணோடு இன்னும் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றாட வேலைகளில் எதையெல்லாம் தானே செய்கிறார் என்பது ஒன்று: குளிப்பது, உடுத்துவது, மருந்தை நேரத்துக்கு எடுப்பது, பணத்தைக் கையாள்வது. மற்றொன்று அவரே சொல்லும் ஓர் இலக்கு. "எது திரும்பி வந்தால் தேறிவிட்டதாக நினைப்பீங்க?" என்று கேளுங்கள். ஒருவர் பேரனோடு போனில் பேசுவதைச் சொல்வார், இன்னொருவர் பழையபடி செய்தித்தாள் படிப்பதைச் சொல்வார். கிரெசுக், ஷெர்மன் இருவரும் 1968-இல் அறிமுகப்படுத்திய முறையில் அந்த இலக்கை −2 முதல் +2 வரை ஐந்து நிலைகளாகப் பிரித்து எழுதலாம். எதிர்பார்த்த நிலையை எட்டினால் 0. எந்தப் படிவமும் காட்டாத மாற்றத்தை இது காட்டுவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன்.

நான்காம் படி: ஒரே மாதிரி கேளுங்கள்

ரத்த அழுத்தத்தை ஒரு நாள் படுக்கவைத்தும் மறுநாள் மாடிப்படி ஏறி வந்ததும் எடுத்து ஒப்பிட மாட்டோம் அல்லவா, அதே கதைதான் இங்கும். மனச்சோர்வு உள்ளவர்களில் பலருக்குக் காலை நேரம் மோசமாகவும் மாலை சற்றுத் தேவலையாகவும் இருக்கும். காலை 9 மணிக்கு எடுத்ததை மாலை 5 மணிக்கு எடுத்ததோடு ஒப்பிட்டால், இல்லாத முன்னேற்றம் தெரியும். நேரம், இடம், கேட்பவர், முறை எல்லாம் முடிந்தவரை ஒன்றாக இருக்கட்டும். முதல் முறை அவரே எழுதி நிரப்பியிருந்தால் அடுத்த முறையும் அவரே நிரப்பட்டும். நீங்கள் வாசித்துக் கேட்டிருந்தால் அப்படியே தொடருங்கள்.

குடும்பத்தாரைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லுங்கள். மகனுக்கு முன்னால் "நான் எதற்கும் உதவாதவள்னு தோணுது" என்று எந்தத் தாயும் சுலபமாகச் சொல்ல மாட்டார். பெரியவர் கதை சொல்லத் தொடங்கினால் சொல்லட்டும், கேளுங்கள். அப்புறம் மெதுவாக, "சரிங்கம்மா, அப்படின்னா இந்த ரெண்டு வாரத்துல எத்தனை நாள் அப்படி இருந்துச்சு?" என்று கேள்விக்குத் திரும்புங்கள். "ரொம்ப நாள் இல்லைதானே?" என்று பதிலை நீங்களே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பதில் வராத கேள்வியை வெற்றாக விட்டு, வரவில்லை என்று குறியுங்கள். அதற்குப் பூஜ்யம் போட்டால் மொத்தம் பொய்யாகக் குறையும்.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்கப் பலரும் தயங்குகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. "வாழ்ந்தது போதும்னு தோணுதா? உயிரை விட்டுடலாம்னு நினைச்சதுண்டா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" என்று படிப்படியாக, நேராகக் கேளுங்கள். பல நாடுகளில் தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருப்பது வயதான ஆண்களிடம்தான். ஆம் என்ற பதில் வந்தால் படிவத்தை மூடி வைத்துவிட்டு அன்றே, அவரைத் தனியாக விடாமல், பொறுப்பான மருத்துவரிடம் பேசுங்கள். மொத்த மதிப்பெண் குறைந்திருக்கிறது என்பது இதில் ஆறுதல் இல்லை. உடம்பில் தெம்பு திரும்பிய பிறகும் நம்பிக்கையின்மை அப்படியே நிற்கலாம். அந்த இடைக்காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

ஐந்தாம் படி: எப்போது திரும்ப அளப்பது?

தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நிலைப்பட்ட பிறகு மாதம் ஒருமுறை போதும். பி.எச்.கியூ-9 கடந்த இரண்டு வாரத்தைக் கேட்பதால் அதற்கு முன்பே திரும்ப எடுத்தால் ஒரே நாட்களை இரண்டு முறை எண்ணுவோம். வயதானவர்களில் மருந்தின் முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள்கூட ஆகலாம். மூன்றாம் வாரத்தில் மதிப்பெண் பெரிதாக இறங்கவில்லை என்று குடும்பம் கலங்கும்போது இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆறாம் படி: மாற்றத்தைப் படியுங்கள்

ஒரு பெரியவரின் பி.எச்.கியூ-9 மதிப்பெண் தொடக்கத்தில் 18. நான்காம் வாரம் 14, எட்டாம் வாரம் 9, பன்னிரண்டாம் வாரம் 6. இதை எப்படிப் படிப்பது?

5 மதிப்பெண் குறைந்தால் குறிப்பிடத்தக்க மாற்றம் என்பது இந்த அளவுகோலுக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு. நான்காம் வாரத்தில் 4 தான் குறைந்திருக்கிறது, திசை சரி, உறுதியாகச் சொல்ல முடியாது. எட்டாம் வாரத்தில் சரிபாதியாகிவிட்டது. 50 சதவீதக் குறைவைத்தான் சிகிச்சைக்குப் பலன் கிடைத்தது என்கிறோம். ஆனால் நோய் தணிந்தது என்று சொல்ல 5-க்குக் கீழே வர வேண்டும். 6 இன்னும் அங்கே வரவில்லை. பாதி குறைந்ததும் திருப்தியடைந்து நிறுத்திக்கொள்வது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம். மிச்சம் நிற்கும் அறிகுறிகள்தான் நோய் திரும்பி வருவதற்கு வழி விடுகின்றன. தணிவுக்கான எல்லை ஹாமில்டன் அளவுகோலில் 7-ம் அதற்குக் கீழும். மேட்ரஸில் பலரும் 10-ஐ எல்லையாக வைக்கிறார்கள்.

இப்படித் தயாரான எல்லை இல்லாத அளவுகோலுக்கு 1991-இல் ஜேக்கப்சன், ட்ருவாக்ஸ் இருவரும் கொடுத்த கணக்கு உதவும். உதாரணத்துக்கு ஓர் அளவுகோலின் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பது) 4, நம்பகத்தன்மைக் குணகம் (திரும்ப அளந்தாலும் எவ்வளவு ஒத்துப்போகும் என்பது, அதிகபட்சம் 1) 0.85 என்று வைத்துக்கொள்வோம். 1-இலிருந்து 0.85-ஐக் கழித்தால் 0.15, அதன் வர்க்கமூலத்தை 4-ஆல் பெருக்கினால் அளவீட்டுப் பிழை சுமார் 1.55. இரண்டு முறை அளப்பதால் அதை 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும், 2.19 வரும். அதை 1.96-ஆல் பெருக்கினால் 4.3. அதாவது மதிப்பெண் முழு எண்ணாக வரும் அந்த அளவுகோலில் 5 மதிப்பெண்ணாவது மாறினால்தான் அது வெறும் அளவீட்டு ஊசலாட்டம் இல்லை என்று நம்பலாம். இரண்டு மதிப்பெண் ஏறியதற்காகப் பதற்றப்பட வேண்டாம், இரண்டு இறங்கியதற்காகக் கொண்டாடவும் வேண்டாம்.

மொத்தத்தைப் பார்த்த பிறகு ஒவ்வொரு கேள்வியாகப் பாருங்கள். இதை நான் எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். இரண்டு பேருக்கும் மதிப்பெண் 17-இலிருந்து 11 ஆகிறது. முதலாமவருக்குத் தூக்கத்தில் 3, பசியில் 2, களைப்பில் 1 குறைந்திருக்கிறது. ஆர்வமின்மையும் சோகமும் 3-லேயே நிற்கின்றன. இரண்டாமவருக்கு ஆர்வமின்மையில் 2, சோகத்தில் 2, குற்றவுணர்வில் 2 குறைந்திருக்கிறது. தூக்கம் மட்டும் சரியாகவில்லை. முதலாமவருக்கு மனச்சோர்வு இன்னும் தொடப்படவே இல்லை. இரண்டாமவர் தேறிக்கொண்டிருக்கிறார், அவருடைய தூக்கக் கெடுதிக்கு வலியோ இரவில் அடிக்கடி சிறுநீர் கழிப்பதோ காரணமா என்று பார்க்க வேண்டும். எண் ஒன்று, செய்ய வேண்டியவை இரண்டு.

ஏழாம் படி: மதிப்பெண் ஏறினால்

உடனே மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதிவிடாதீர்கள். மருந்தைத் தினமும் எடுக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். பிறகு சோடியம். மனச்சோர்வுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் முதியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் சிறுநீர் பெருக்கி மாத்திரை எடுப்பவர்களுக்கும், முதல் சில வாரங்களில் ரத்தத்தின் சோடியத்தைக் குறைக்கக்கூடும். அசதி, குழப்பம், கவனக்குறைவு, தடுமாறி விழுவது என்று அது வெளிப்படும். பி.எச்.கியூ-9 இதை மனச்சோர்வு கூடியதாகத்தான் பதிவு செய்யும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம் இது.

நினைவு தவறத் தொடங்குகிறதா, புதிதாகத் தொற்று ஏதும் உண்டா, இறந்துபோன துணையின் நினைவு நாள் நெருங்குகிறதா, வீடு மாறினார்களா என்றும் பாருங்கள். இன்னொரு காரணம் மகிழ்ச்சியானது. முதல் சந்திப்பில் எல்லாவற்றையும் மறைத்தவர் உங்கள்மேல் நம்பிக்கை வந்ததும் உண்மையைச் சொல்லத் தொடங்குவார். மதிப்பெண் ஏறும். பேச்சில் அது தெரியும்; குறிப்பில் எழுதி வையுங்கள்.

சோகமே இல்லை, ஆனால் எதிலும் ஈடுபாடில்லை, அது அவருக்கு வருத்தமாகவும் இல்லை என்றால் அது மனச்சோர்வு அல்லாமல் அக்கறையின்மையாக இருக்கலாம். மறதிநோய், பக்கவாதம், பார்க்கின்சன் நோய்களில் இது அடிக்கடி வரும். சில நேரம் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்தாலேயே உணர்வு மழுங்கும். அளவுகோல் இதைப் பிரித்துச் சொல்லாது, மருத்துவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எட்டாம் படி: தணிந்த பிறகும்

மதிப்பெண் 5-க்குக் கீழே வந்துவிட்டால் அளப்பதை நிறுத்திவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மருந்து தொடரும் மாதங்களில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது எடுங்கள். அவருக்கு முதலில் தலைகாட்டிய அறிகுறி எது என்று குடும்பத்தாரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அது விடியலுக்கு முன்பே விழிப்பு வருவது, இன்னொருவருக்குப் போனை எடுக்காமல் விடுவது. திரும்பி வரும்போதும் பெரும்பாலும் அதுவே முன்னால் வரும்.

மருத்துவர் மருந்தைக் குறைக்கத் தொடங்கும்போது இடைவெளியை மறுபடி இரண்டு வாரமாக்குங்கள். அப்போது மதிப்பெண் ஏறினால் குழப்பம் வரும். குறைத்த சில நாட்களுக்குள் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, மின்சாரம் தொட்டதுபோன்ற அதிர்வு என்று தொடங்கினால் அது மருந்து குறைந்ததன் விளைவாக இருக்கலாம். சில வாரங்கள் கழித்துச் சோகமும் ஆர்வமின்மையும் மெல்ல ஏறினால் நோய் திரும்புகிறதா என்று யோசிக்க வேண்டும். இரண்டையும் பிரிப்பது தேதிதான், அதனால் அளவு குறைத்த ஒவ்வொரு தேதியையும் அந்தந்த மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.